புதுக் காரில் முதல் கீறலா? பெயின்ட் குப்பியைப் பிறகு திறக்கலாம்

என் புதுக் காரில் முதல் கீறல் விழுந்த அன்று, கைக்குக் கிடைத்த துணியை எடுத்து அழுத்தித் துடைத்தேன். கதவில் படிந்திருந்த மண் ஒரு கோட்டைச் சுற்றிப் பத்துக் கோடுகளை இழுத்துவிட்டது. ஆகவே முதலில் கழுவுங்கள். காரை நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பிறகு, கார் ஷாம்பு கலந்த நீரால் கழுவி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

அடுத்தது ஆழம் பார்ப்பது. வேலையில் பாதி இதுதான். தகட்டின் மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். மூன்றும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன். கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். வழுக்கிச் சென்றால் காயம் மேற்பூச்சோடு நின்றிருக்கிறது. தண்ணீர் தெளித்ததும் கோடு மறைந்தாலும் அப்படித்தான். நகம் தட்டினால் ஆழம் அதிகம். உள்ளே சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பெரும்பாலும் பிரைமர். உலோகம் மின்னினால் துரு பிடிக்கும், தள்ளிப்போடாதீர்கள். பிளாஸ்டிக் பம்பருக்கு அந்தக் கவலை இல்லை.

சுவரிலோ வேறு வண்டியிலோ உரசிய இடத்தில் தெரிவது பல நேரம் கீறலே அல்ல. அடுத்தவர் பெயின்ட் நம் கார்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, கண்ணில் படாத மூலையில் சோதித்த பிறகு, துணியில் நனைத்து மெல்லத் தேயுங்கள்.

மேலோட்டமான கீறலுக்கு மென்மையான பாலிஷ் போதும். பட்டாணி அளவு எடுத்து, ஸ்பாஞ்சில் தடவி, ஒரு சாண் இடத்துக்குள் மட்டும் மிதமாகத் தேய்த்துத் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் கிளியர் கோட் கொஞ்சம் தேய்கிறது என்பது நினைவிருக்கட்டும். கோடு மங்கினாலே நிறுத்திவிடுவேன். பற்பசை வைத்தியம் சொல்பவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

ஆழமான கீறலுக்கு டச் அப் பெயின்ட், அதாவது கீறலை மட்டும் நிரப்பச் சிறு குப்பியில் வரும் கார் நிறப் பெயின்ட். 'வெள்ளை' என்று கேட்டு வாங்காதீர்கள். வெள்ளையிலேயே பல வெள்ளை உண்டு. நிறக் குறியீடு பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். துரு தொடங்கியிருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டுங்கள். ஆல்கஹாலால் துடைத்து, உலோகம் தெரியும் இடத்தில் மட்டும் பிரைமர் வைத்து உலரவிடுங்கள். குப்பியோடு வரும் தூரிகை பல கீறல்களுக்குத் தடிமன். பல்குத்தியின் நுனியால் பெயின்டைத் தொட்டுப் பள்ளத்துக்குள் மட்டும் இறக்குங்கள். ஒரே பூச்சில் நிரப்பினால் வழிந்து உருண்டு நிற்கும். இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகள், இடையில் குப்பியில் சொன்ன நேரம் உலர்தல். கடைசியில் கிளியர் கோட்.

தகடு மடிந்த இடம், நீளமான ஆழக் கீறல், பம்பரில் சென்சார் உள்ள பகுதி ஆகியவற்றை நான் தொடுவதில்லை, பணிமனைக்கு விடுகிறேன். மெட்டாலிக் நிறத்தில் டச் அப் செய்த புள்ளி, கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியத்தான் செய்யும். மெழுகு போட சில வாரம் பொறுங்கள். அதுவரை அந்த இடத்தில் அழுத்த நீர் பாய்ச்ச வேண்டாம்.