பிரேசிலுக்குள்ள ஊர் விட்டு ஊர் போறது எப்படி? முதல் தடவை போறவங்களுக்கு பஸ், ஃப்ளைட், படகு வழிகாட்டி

பிரேசில் போறேன்னு கிளம்புறவங்க பெரும்பாலும் ரியோ, இகுவாசு அருவி, அமேசான் காடு மூணையும் ஒரே பத்து நாள்ல அடைச்சு ஒரு பிளான் போட்டுட்டு, அப்புறமா "இந்த ஊர்ல இருந்து அந்த ஊருக்கு ட்ரெயின் எத்தனை மணிக்கு"ன்னு தேட ஆரம்பிப்பாங்க. தேடினா ஒண்ணும் வராது, ஏன்னா ஊர் விட்டு ஊர் போற பாசஞ்சர் ட்ரெயின் அங்க கிட்டத்தட்ட இல்லவே இல்ல. 1950கள்ல குபிஷெக் ஜனாதிபதியா இருந்தப்போ ரோடு போடுறது, கார் ஃபேக்டரி கொண்டுவர்றதுன்னு எல்லா காசும் அந்தப் பக்கம் போச்சு, தண்டவாளம் எல்லாம் இரும்புத் தாதும் சோயாவும் ஏத்துற சரக்கு ரயிலுக்குன்னு ஆயிடுச்சு. பெலோ ஹொரிசோன்ட்டேல இருந்து கடற்கரைப் பக்கம் விட்டோரியா வரைக்கும் தினமும் ஒரு ட்ரெயின் ஓடுது, 664 கிலோமீட்டருக்கு 13 மணி நேரம் போகும். அது வழியில இருக்கவங்களுக்கு நல்லது, உங்க பிளானுக்கு உதவாது. அதனால ட்ரெயினை மறந்துட்டு வாங்க.

படி 1: மேப்பை எடுத்து வச்சு தூரம் பாருங்க, டிக்கெட் அப்புறம்

நாடு 85 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது ரெண்டரை இந்தியா. நாலு டைம் ஸோன் இருக்கு. மேப்ல ரியோவும் சால்வடாரும் ஒரே கடற்கரையில பக்கத்து பக்கத்துல இருக்க மாதிரி தெரியும், பஸ்ல ஏறினா ஒரு நாளுக்கு மேல உக்காந்திருக்கணும். சாவோ பாலோல இருந்து அமேசான் காட்டுக்குள்ள இருக்கிற மனௌஸுக்கு ஃப்ளைட்லயே நாலு மணி நேரம்.

நான் சொல்ற கணக்கு ரொம்ப சிம்பிள். 8 மணி நேரம் வரைக்கும் பஸ், யோசிக்கவே வேண்டாம். 8ல இருந்து 16 வரைக்கும் ராத்திரி பஸ், ஃப்ளைட் ரெண்டுத்தோட விலையையும் பாத்து முடிவு பண்ணுங்க. அதுக்கு மேலன்னா ஃப்ளைட்தான். அமேசான் பக்கம் போனா இந்தக் கணக்கு செல்லாது, அங்க ஆறுதான் ரோடு, அதை கடைசியில சொல்றேன்.

உதாரணத்துக்கு ஒரு ரூட் வச்சுப்போம், இதை வச்சே மீதி எல்லாம் சொல்றேன்: ரியோ, அங்கிருந்து கடற்கரையில இருக்கிற பராத்தி, சாவோ பாலோ, இகுவாசு அருவி இருக்கிற ஊரான ஃபோஸ் து இகுவாசு (சுருக்கமா ஃபோஸ்), அப்புறம் அமேசான் பக்கத்து ஊர்களான மனௌஸ், சாந்தரேம், பெலேம். இதுக்கு மூணு வாரமாவது வேணும். பத்து நாள்தான் லீவுன்னா மனௌஸ்ல இருந்து பின்னாடி இருக்கிறதை வெட்டிடுங்க, வருத்தப்படாதீங்க.

படி 2: கிளம்புறதுக்கு முன்னாடி முடிக்க வேண்டியது

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும், அது தெரிஞ்சதுதான். பலர் கோட்டை விடுறது மஞ்சள் காய்ச்சல் ஊசி. பிரேசில் போயிட்டு வர்றவங்க இந்தியாவுக்குள்ள திரும்பி வரும்போது ஊசி போட்டதுக்கான மஞ்சள் அட்டையைக் கேப்பாங்க, இல்லைன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா பிடிச்சு வச்சுக்க அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சர்டிஃபிகேட் செல்லும், அப்புறம் ஆயுசு முழுக்க செல்லும். சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க, எல்லா கிளினிக்லயும் கிடைக்காது, அதனால டிக்கெட் போட்ட வாரமே இதை முடிச்சுடுங்க.

அடுத்தது சிபிஎஃப். இது 11 இலக்க வரி நம்பர், அங்க மருந்துக்கடையில ஷாம்பு வாங்கினாலும் கேப்பாங்க. நமக்கு இது எங்க இடிக்கும்னா, உள்ளூர் பஸ் சைட்ல டிக்கெட் போடும்போது எல்லாம் ஃபில் பண்ணிட்டு பேமெண்ட் பக்கம் வந்தா சிபிஎஃப் இல்லாம நகராது. வழி மூணு இருக்கு: பாஸ்போர்ட் நம்பர் ஏத்துக்குற வெளிநாட்டு புக்கிங் சைட்ல கொஞ்சம் கூடுதலா கொடுத்து வாங்கலாம், நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் கவுண்டர்ல வாங்கலாம், இல்ல வெளிநாட்டுக்காரங்களும் சிபிஎஃப் எடுத்துக்கலாம்ங்கிறதால நீங்களே ஒண்ணு எடுத்துடலாம். ஒரு மாசம் சுத்தப் போறீங்கன்னா எடுத்துடுங்க. சும்மா ரெண்டு மூணு பஸ்ஸுன்னா கவுண்டரே போதும்.

பணத்துக்கு கார்டு எல்லா இடத்துலயும் ஓடும், பீச்ல இளநீர் விக்கிறவர்கிட்டகூட மெஷின் இருக்கும். அவங்களுக்குள்ள எல்லாம் பிக்ஸ்தான், நம்ம யுபிஐ மாதிரி, ஆனா அங்க பேங்க் அக்கவுண்ட் இல்லாத நமக்கு அது சரிப்படாது. அந்த நாட்டுப் பணமான ரியால் நோட்டு கொஞ்சம் வச்சுக்கோங்க, முக்கியமா படகுக்கு. மொழி போர்ச்சுகீஸ், ஸ்பானிஷ் இல்ல. இங்கிலீஷ் பஸ் கவுண்டர்ல எதிர்பார்க்காதீங்க, போற ஊர் பேரு, தேதி, நேரம் மூணையும் பேப்பர்ல எழுதி நீட்டினா வேலை முடிஞ்சுது.

படி 3: ராத்திரி பஸ் – இதை நல்லா படிங்க

பிரேசில் பஸ் நீங்க நினைக்கிறதை விட நல்லா இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு அங்க ரொடோவியாரியான்னு பேரு, எந்த டாக்ஸிக்காரர்கிட்ட சொன்னாலும் புரியும். சாவோ பாலோல இருக்கிற தியெட்டே லத்தீன் அமெரிக்காவுலயே பெரிய பஸ் ஸ்டாண்ட், மெட்ரோ நீல லைன் நேரா அதுக்குள்ளயே கொண்டுபோய் விடும். உள்ள போனா வரிசையா கவுண்டர் கவுண்டரா இருக்கும், ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி, ஒருத்தர்கிட்ட இன்னொருத்தர் டிக்கெட் கிடைக்காது. மொதல்ல எந்த ஊருக்கு எந்த கம்பெனி போகுதுன்னு கேட்டு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் வரிசைல நில்லுங்க.

சீட்ல வகை இருக்கு. கன்வென்சியனால், எக்ஸெகுட்டிவு ரெண்டும் சாதா சாய்வு சீட். செமி லெய்ட்டு நல்லா சாயும். லெய்ட்டுன்னா கிட்டத்தட்ட படுக்கை, ஒரு பக்கம் ஒத்தை சீட்டாவே இருக்கும், டபுள் டெக்கர்ல பெரும்பாலும் கீழ்த்தளத்துல வச்சிருப்பாங்க. பகல் பஸ்ஸுக்கு சாதாவே போதும். ரியோ டூ சாவோ பாலோ 430 கிலோமீட்டர்தான், ஆறு மணி நேரம், அதுக்குப் போய் லெய்ட்டு எடுக்கிறது காசை வேஸ்ட் பண்றது. ஆனா சாவோ பாலோ டூ ஃபோஸ் 16 மணி நேரம், அதுல காசு மிச்சம் பிடிக்கப் பாத்தா அடுத்த நாள் அருவியைப் பாக்க கழுத்து திரும்பாது. டாய்லெட் பின்னாடி இருக்கும், அதனால முன் பாதியில சீட் எடுங்க.

ஏறும்போது பாஸ்போர்ட் ஒரிஜினல் காட்டணும், ஜெராக்ஸ் காட்டி சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க. பெரிய பையை கீழ லக்கேஜ்ல போடும்போது ஒரு துண்டுச் சீட்டைக் கிழிச்சு பாதியை பையில ஒட்டிட்டு மீதி பாதியை உங்ககிட்ட கொடுப்பாங்க, இறங்கும்போது அந்தப் பாதியைக் காட்டினாத்தான் பை கைக்கு வரும். லேப்டாப், பாஸ்போர்ட், பணம் எல்லாம் கூடவே வச்சுக்கோங்க. அப்புறம் ஏசி. வெளிய 35 டிகிரி வெயிலா இருந்தாலும் உள்ள குளிர் எலும்பைத் துளைக்கும், உள்ளூர்க்காரங்க போர்வையும் தலைகாணியுமா ஏறுறதைப் பாத்தாலே புரியும், ஸ்வெட்டரை கீழ லக்கேஜ்ல போட்டுட்டு மேல வந்து உக்காந்துடாதீங்க.

வழியில சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் நிறுத்துவாங்க. சில பெரிய ஹைவே ஹோட்டல்ல நுழையும்போதே ஆளுக்கு ஒரு கார்டு கொடுப்பாங்க, நீங்க காபி வாங்கினா, பிஸ்கட் வாங்கினா எல்லாம் அந்தக் கார்டுல ஏறும், வெளிய போற வாசல்ல மொத்தமா காசு கட்டணும். ஒண்ணுமே வாங்கலைன்னாலும் கார்டைத் திருப்பிக் கொடுத்தாத்தான் வெளிய விடுவாங்க, தொலைச்சா தனியா பணம் கேப்பாங்க. சைவம் சாப்பிடுறவங்களுக்கு எடை போட்டு விக்கிற சாப்பாட்டுக் கடைங்கதான் கைகொடுக்கும், சோறு, பீன்ஸ், காய்கறின்னு வேண்டியதை நீங்களே தட்டுல எடுத்துக்கலாம். பீன்ஸ்ல பன்னிக்கறி துண்டு கிடக்கும் பல இடத்துல, கரண்டியை விட்டு கிளறிப் பாத்துட்டு எடுங்க. பஸ் நம்பரையும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, திரும்பி வந்தா அதே கலர்ல பத்து பஸ் நிக்கும்.

கார்னிவல் வாரம், கிறிஸ்துமஸ், புது வருஷம், இந்த நாட்கள்ல மட்டும் முன்கூட்டியே வாங்கிடணும். மத்த நாள்ல முந்தின நாள் போனாலும் கிடைக்கும்.

படி 4: ஃப்ளைட் – ஏர்போர்ட் பேரை ரெண்டு தடவை படிங்க

உள்ளூர் ஃப்ளைட்டுக்கு லாடம், கோல், அசுல்னு மூணு கம்பெனி. விலை குறைவா இருக்கிற டிக்கெட்ல கைப்பை மட்டும்தான், பெரிய பைக்கு தனிக் காசு, அதையும் சேத்துக் கூட்டிட்டு பஸ்ஸோட ஒப்பிடுங்க.

சாவோ பாலோன்னு போட்டிருக்கிற ஏர்போர்ட் மூணு இருக்கு. வெளிநாட்டுல இருந்து வந்து இறங்குறது பெரும்பாலும் குவாருல்யோஸ். கொங்கோன்யாஸ் ஊருக்கு நடுவுல, உள்ளூர் ஃப்ளைட் மட்டும். விரகோப்போஸ் இருக்கிறது கம்பினாஸ்ங்கிற வேற ஊர்ல, சாவோ பாலோல இருந்து 100 கிலோமீட்டர் கிட்ட, அசுல் டிக்கெட் சல்லிசா இருக்கேன்னு எடுத்தா பெரும்பாலும் அங்கதான் கொண்டு விடும். ஒரு ஏர்போர்ட்ல இறங்கி இன்னொண்ணுல ஏறுற மாதிரி டிக்கெட் வேண்டவே வேண்டாம், சாவோ பாலோ டிராஃபிக்கை நம்பி எந்தக் கணக்கும் போட முடியாது. ரியோலயும் ரெண்டு இருக்கு, கலியாவ் பெருசு, சாந்தோஸ் துமோன் ஊருக்குள்ள கடலை ஒட்டி இருக்கு. சாந்தோஸ் துமோன், கொங்கோன்யாஸ் ரெண்டுக்கும் நடுவுல 1959ல இருந்து விமானப் பாலம்னு பேர் வச்சு பஸ் மாதிரி அடுத்தடுத்து ஃப்ளைட் விடுறாங்க. ஜன்னல் சீட் கிடைச்சா விடாதீங்க.

நம்ம ரூட்ல ஃபோஸ்ல இருந்து மனௌஸ் போறதுக்கு ஃப்ளைட்தான் ஒரே வழி, எங்கயாவது ஒரு இடத்துல மாறி ஏற வேண்டி இருக்கும், ஒரு பகல் முழுசா அதுக்கே போயிடும். மனௌஸ் நேரம் ரியோவை விட ஒரு மணி பின்னாடி, அலாரம் வைக்கும்போது ஞாபகம் வச்சுக்கோங்க.

ஃபோஸ்ல இன்னொண்ணு. அருவியோட அர்ஜென்டினா பக்கமும் பாக்கணும்னா அந்த நாட்டு விசா தனி, திரும்ப பிரேசிலுக்குள்ள வர உங்க பிரேசில் விசா இடம் கொடுக்குதான்னும் பாத்துக்கோங்க. பிரேசில் பக்கத்துக்கு ஊர் டவுன் பஸ்ஸே நேஷனல் பார்க் வாசல் வரைக்கும் போகும், டூர் எடுக்க வேண்டியதில்ல.

படி 5: ஊருக்குள்ள

சாவோ பாலோ, ரியோ ரெண்டுலயும் மெட்ரோ நல்லா இருக்கு, பயமில்லாம போகலாம். டவுன் பஸ்ஸுல ஏறணும்னா ஸ்டாப்ல நின்னா மட்டும் பத்தாது, கையை நீட்டணும், இல்லன்னா நிக்காமப் போயிடும். பஸ்ஸுக்குள்ளயே ஒரு சுழல் கேட் இருக்கும், பெரிய பையோட அதைத் தாண்டுறது பெரும்பாடு, அதனால பையோட இருக்கும்போது ஊபரோ 99ங்கிற ஆப்போ போட்டுக்கோங்க. ராத்திரி ரொடோவியாரியால இறங்கினாலும் அப்படித்தான், உள்ளயே நின்னு கார் வந்ததும் வெளிய வாங்க. போனை தெருவுல கையில பிடிச்சுக்கிட்டே நடக்காதீங்க, மேப் பாக்கணும்னா ஒரு கடைக்குள்ள போய் பாருங்க. இதை அங்க பொறந்து வளந்தவங்களே செய்றாங்க.

படி 6: அமேசான் படகு

மனௌஸ் பெரிய ஊரு, இருந்தாலும் தெற்க இருக்கிற மத்த ஊர்களோட அதை இணைக்கிற ஒரே ரோடு போர்ட்டோ வெல்யோ போற பிஆர் 319தான், 885 கிலோமீட்டர், 1976ல திறந்தாங்க, பராமரிப்பு இல்லாம நடுப்பகுதி மண்ணா போயி மழை பேஞ்சா சேறாயிடும். மெயின் அமேசான் ஆத்துக்கு குறுக்க ஒரு பாலம்கூட கிடையாது. அதனால அரிசி, ஃப்ரிட்ஜ், மோட்டார் பைக், மாமியார் வீட்டுக்குப் போற குடும்பம்னு எல்லாமே படகுலதான் போகுது, அதுல நீங்களும் ஒரு ஆளு. டூரிஸ்ட் கப்பல்னு நினைச்சு ஏறாதீங்க.

மனௌஸ்ல இருந்து சாந்தரேம் சுமார் ஒண்ணரை நாள், அங்கிருந்து பெலேம் இன்னும் ரெண்டு நாளுக்கு மேல. இது ஆறு ஓடுற திசைல. எதிர் திசைல வந்தா அஞ்சாறு நாள் ஆகும், ஆனா எதிர்ல வர்ற படகு நீரோட்டத்துக்குப் பயந்து கரையை ஒட்டி வரும், காடும் வீடுகளும் கிட்டத்துல தெரியும். ஆறு ஓடுற திசைலயே போற படகு நடு ஆத்துல போகும், கரை ஒரு பச்சைக் கோடாத்தான் தெரியும். நேரம் இருந்தா பெலேம்ல இருந்து மேல வாங்கன்னுதான் நான் சொல்லுவேன், ஆனா முதல் தடவைக்கு மனௌஸ் டூ சாந்தரேம் போதும், பிடிச்சா மேற்கொண்டு போங்க. சாந்தரேம் பக்கத்துல ஆல்டெர் து ஷாவ்னு ஒரு ஊர், தண்ணி வத்துற மாசங்கள்ல ஆத்துக்குள்ள வெள்ளை மணல் பீச் வரும். மனௌஸ்ல ஜூன் வாக்குல தண்ணி உச்சம், அக்டோபர் நவம்பர்ல அடி மட்டம், வித்தியாசம் சில வருஷம் பத்து மீட்டரைத் தாண்டும். 2023, 2024 ரெண்டு வருஷமும் வறட்சில ஆறு படுமோசமா இறங்கி படகெல்லாம் தரை தட்டுச்சு, அதனால அந்த மாசங்கள்ல போறவங்க துறைமுகத்துல விசாரிச்சுட்டு மத்த டிக்கெட்டை போடுங்க.

படுக்கைக்கு தூளி நீங்கதான் கொண்டு போகணும். மனௌஸ் துறைமுகத்தைச் சுத்தி இருக்கிற கடைகள்ல தூளியும் கயிறும் கிடைக்கும், துணி தூளியா வாங்குங்க, வலைத் தூளில ராத்திரி குளிரும். டிக்கெட்டை முந்தின நாளே துறைமுகத்துல போய் வாங்கிட்டு, கிளம்புற அன்னைக்கு பல மணி நேரம் முன்னாடியே ஏறி இடத்தைப் பிடிங்க. மேல் தளம் நல்லது, காத்து வரும். எஞ்சின் பக்கமும் வேண்டாம், டாய்லெட் பக்கமும் வேண்டாம், பக்கவாட்டுல ஓரமா கட்டினா மழை சாரல் அடிக்கும், ஓரத்துல இருந்து ரெண்டாவது வரிசை பாத்துக் கட்டுங்க. முடிச்சு வராதுன்னா பக்கத்துல இருக்கிற ஏதாவது பாட்டி வந்து கட்டிக் கொடுத்துடும், நீங்க கயிறை வச்சுக்கிட்டு முழிச்சாலே போதும். நீங்க பிடிச்ச இடத்துக்கு மேலயும் கீழயும் இடுக்குலயும் பத்து பேர் வந்து கட்டுவாங்க, அதுக்கு கோவிச்சுக்கக் கூடாது. கூட்டம் ஒத்துக்காதவங்களுக்கு ரூம் இருக்கு, விலை கூடுதல்.

சாப்பாடு சோறு, பீன்ஸ், நூடுல்ஸ், கறி, இதுவே மறுபடி மறுபடி. சைவம்னா பழம், ரொட்டி, கடலை, ஊறுகாய் எல்லாம் எடுத்துட்டுப் போங்க. குடிக்க தண்ணி கேன், கொசு விரட்டுற களிம்பு, சைக்கிள் பூட்டு மாதிரி ஒரு பூட்டு பையைக் கம்பத்தோட கட்ட. சிக்னல் ஊர் வரும்போதுதான் வரும். மனௌஸ் விட்டுக் கிளம்பின கொஞ்ச நேரத்துல கருப்புத் தண்ணி ரியோ நெக்ரோவும் பழுப்பு சொலிமோயிஸும் கலக்காம சில கிலோமீட்டர் பக்கத்து பக்கத்துல ஓடுறது தெரியும், பகல்ல கிளம்புற படகா இருந்தா அந்த நேரம் தூளில படுத்துத் தூங்கிடாதீங்க.

பெலேம் போய் சேர்ற நேரம்னு அவங்க சொல்றது ஒரு உத்தேசம்தான், சரக்கு இறக்குறதுல அரை நாள் தள்ளிப் போறது சகஜம். அங்கிருந்து ஊர் திரும்புற ஃப்ளைட்டை படகு வர்ற நாள்ல போடாம, மறுநாள் சாயங்காலத்துக்கு அப்புறம் இருக்கிறதா பாத்து போடுங்க.