ஆபீசுக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் வடிகட்ட வேண்டியது தினசரி ஓட்டத்தை வைத்துத்தான். வருடத்தில் ஐந்தாறு நாள் டிராக்குக்கு, அதாவது ரேஸ் ஓடுதளத்துக்கு, காரை ஓட்டிப் போகிறவருக்கும் மற்ற நாளெல்லாம் டிராஃபிக், பார்க்கிங், பள்ளிக்கூட வாசல் என்றுதான் கார் ஓடும். அங்கே எரிச்சலூட்டுகிற கார் சீக்கிரமே விற்பனைக்கு வந்துவிடும். அதனால் டெஸ்ட் டிரைவுக்கு வழுக்கிக்கொண்டு போகும் நல்ல சாலையைத் தேடாதீர்கள். தினமும் போகும் வழியில், நெரிசல் நேரத்தில், முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். கிளட்ச் இடது முழங்காலைப் படுத்துகிறதா? வேகத்தடையில் அடி தட்டுகிறதா? 100 கி.மீ வேகத்தில் கத்தாமல் பேச முடிகிறதா? இதில் எதற்காவது 'போகப் போகப் பழகிவிடும்' என்று தோன்றினால், அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

ஷோரூமுக்கு ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் பட வேண்டும். கிளட்ச்சை முழுதாக மிதித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். அந்த நிலையில் ஹெல்மெட்டுக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். சன்ரூஃப் உள்ள காரில் பல சமயம் அந்த இடம்தான் காணாமல் போயிருக்கும். கூரை திறக்கும் கார் என்றால் தரமான ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் உலோக வளைவு) உண்டா, உங்கள் தலை அதன் உச்சிக்குக் கீழே அடங்குகிறதா என்று பாருங்கள். ரோல் பார் இல்லாத திறந்த காரைப் பல டிராக்குகள் உள்ளேயே விடாது.

எடைதான் செலவு

பவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் எடையைப் பார்த்துவிடலாம். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் 180-இலிருந்து 70 கி.மீ வேகத்துக்கு பிரேக் அடிக்கிறீர்கள். ஒரு டன் எடையுள்ள கார் அந்த ஒரே பிரேக்கில் சுமார் 1.06 மெகாஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். சாதாரண வெப்பநிலையில் உள்ள மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். 1.6 டன் கார் என்றால் ஐந்து லிட்டர். ஒரு சுற்றில் இப்படி நாலைந்து இடம், ஒரு செஷனில் (டிராக்கில் ஒரு முறை இறங்கி ஓட்டும் நேரம்) எட்டுப் பத்து சுற்று. இத்தனை சூடும் சக்கரங்களின் நாலு பிரேக் டிஸ்க்கில்தான் இறங்குகிறது, அதிலும் பெரும்பகுதி முன் இரண்டில். கனமான, பவர் அதிகமான கார் டயரையும் பேடையும் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) டிஸ்க்கையும் தின்று தீர்ப்பது இதனால்தான். வாங்கும் விலை ஒரு முறைச் செலவு. டயரும் பேடும் ஒவ்வொரு டிராக் நாளும் கேட்கும்.

எனவே கார் விலையைக் கேட்ட கையோடு இன்னும் நாலு விலைகளைக் கேளுங்கள்: அந்த அளவில் நல்ல டயர் நான்கு, முன் டிஸ்க் ஜோடி, டிராக் பேட் செட், கிளட்ச். 16, 17 அங்குல வீலுக்கும் 19 அங்குல வீலுக்கும் டயர் விலையில் உள்ள வித்தியாசம் சில வருடங்களில் காரின் விலை வித்தியாசத்தையே எட்டிப் பிடிக்கும். டயர் அளவு அபூர்வமானதாக இருந்தால் தேர்வும் குறையும்.

கம்பெனி பிரேக்கோடு டிராக்கில் என்ன ஆகும்? இரண்டு விதமாகக் கைவிடும். இரண்டையும் காலிலேயே பிரித்தறியலாம். பெடல் கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்க மறுக்கிறது என்றால் பேட் அதன் வெப்ப வரம்பைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சுபோல மெத்தென்று உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகிவிட்டது. இரண்டாவதுதான் ஆபத்து. டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதற்கான தர வரம்பு 155 டிகிரிதான். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், இரண்டு வருடம் மாற்றாத ஆயிலோடு டிராக்குக்குப் போவது வம்பு. 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸிங் ஆயில் போட்டால் வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கோன்; அதை டாட் 4-உடன் கலக்கவே கூடாது.

முழு ரேஸ் பேடை தினசரிக் காரில் போடுவதும் தவறு. குளிர்ந்திருக்கும்போது கடிக்காது, காலையில் முதல் சிக்னலிலேயே அது தெரிந்துவிடும். கீச்சிடும், டிஸ்க்கையும் அரிக்கும். சாலைக்கும் டிராக்குக்கும் நடுத்தரமான பேட் போதும். இல்லையென்றால் டிராக்குக்கு முந்தைய நாள் பேடை மாற்றும் பொறுமை வேண்டும். பேடை எளிதில் உருவ முடிகிற காலிப்பரா (பேடைத் தாங்கி அழுத்தும் பகுதி) என்பதையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடு வேறு எங்கெல்லாம் பிடிக்கும்

டர்போ காரில் இன்டர்கூலரும் (டர்போ அனுப்பும் காற்றை ஆற்றும் பகுதி) என்ஜின் ஆயிலும். வெயில் நாளில் மூன்று சுற்றுக்கு மேல் தாங்காமல் பவரைக் குறைத்துக்கொள்ளும் கார்கள் உண்டு. ஆயில் வெப்பநிலையை டாஷ்போர்டில் எண்ணாகக் காட்டும் கார் இந்த வேலைக்கு வசதி. 130 டிகிரியை நெருங்கினால் வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆற விட வேண்டும். டர்போ இல்லாத என்ஜின் இந்த விஷயத்தில் நிம்மதி.

கியர்பாக்ஸில் மேனுவலும், ஈரக் கிளட்ச் (எண்ணெயில் ஓடுவது) உள்ள டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கும் டிராக்கைத் தாங்கும். உலர் கிளட்ச் வகை சீக்கிரம் சூடாகும். சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) வேண்டவே வேண்டாம்.

வளைவில் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலை மறந்துவிடாதீர்கள். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காரில் வளைவின் வெளியேற்றத்தில் உள் சக்கரம் வீணாய்ச் சுழலும். அதைத் தடுக்க எலக்ட்ரானிக்ஸ் அந்தச் சக்கரத்துக்கு பிரேக் போடும். உங்களுக்குத் தெரியாமலே பேட் தேயும். மெக்கானிக்கல் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாய்ச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) இருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

எந்தக் கார் யாருக்கு

பின் சீட்டே தேவையில்லை என்றால் மாஸ்டா எம்எக்ஸ்-5. இப்போதைய தலைமுறை ஒரு டன்னைச் சற்றுத்தான் தாண்டும், முன்பக்கம் டபுள் விஷ்போன் (சக்கரத்தை இரண்டு கைகளால் தாங்கும் சஸ்பென்ஷன்), டயரும் பேடும் மலிவு. உயரமானவருக்கு ஹெல்மெட்டோடு இடம் போதாது. வாங்காமல் போக அந்த ஒரு காரணம் போதும். டொயோட்டா ஜிஆர்86, அதன் சகோதரன் சுபாரு பிஆர்இசட்: 2.4 லிட்டர், டர்போ கிடையாது, 1.3 டன்னுக்குள், பின்சக்கர டிரைவ். பின் சீட்டை மடித்தால் நாலு டயர் உள்ளே போகும்; சின்னக் குழந்தைகளுக்கு மட்டுமே சீட். நீண்ட வலது வளைவுகளில் இந்த என்ஜினின் ஆயில் அழுத்தம் இறங்குவதை உரிமையாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒட்டும் டயர் போடுகிறவர்கள் ஆயிலை மேல் கோட்டிலேயே வைத்திருக்க வேண்டும்.

குடும்பம் இருந்தால் ஹேட்ச்பேக்தான் நியாயம். ஹோண்டா சிவிக் டைப் ஆர், ஹூண்டாய் ஐ30 என் இரண்டும் 1.4 டன் சுற்றுவட்டாரத்தில் இருப்பவை, முன்சக்கர டிரைவ். முன் டயர்கள் திருப்புவது, இழுப்பது, நிறுத்துவது என எல்லா வேலையும் செய்வதால் பின் டயரைவிட மிக வேகமாகத் தேயும். எலக்ட்ரிக்கில் ஐயோனிக் 5 என் டிராக்கை மனதில் வைத்தே செய்யப்பட்டது. ஆனால் 2 டன்னுக்கு மேல் எடை. மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கை அதற்கும் போட்டுப் பாருங்கள். முதல் கார் என்றால் எங்கள் ஓட்டு எடை குறைந்ததற்கே: 200 குதிரைத்திறன் சுற்றில் பவர் இருந்தால் தவறு செய்யவும் இடம் இருக்கும், திருத்தவும் நேரம் இருக்கும்.

பழைய கார் வாங்குகிறவர்கள்

டிராக்கில் ஓடிய கார் என்பதே குறை அல்ல. ஓடியதை மறைப்பதுதான் குறை. வீலைக் கழற்றிப் பாருங்கள். டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கிறதா, துளையைச் சுற்றி முடி போன்ற விரிசல் உண்டா? காலிப்பர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கினால் அது நிறையச் சூடு கண்ட பிரேக். முன் டயரின் வெளி ஓரம் மட்டும் உருண்டு தேய்ந்திருந்தால் கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) மாற்றாமலே டிராக்கில் ஓட்டியிருக்கிறார்கள். 70 கி.மீ வேகத்தில் ஸ்டீயரிங்கை மெல்ல இரு பக்கமும் அசைத்து வீல் பேரிங் இரைச்சல் மாறுகிறதா என்று கேளுங்கள். இரண்டாம் கியரில் சறுக்கும் சிங்க்ரோ (கியர் இடறாமல் விழ உதவும் வளையம்), தவறான கியரில் என்ஜினை அதிகம் சுழற்றிய சரித்திரம் ஆகியவற்றுக்குப் பேரம் பேசிப் பயனில்லை.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது குறைவு, ஆனால் வரிசை முக்கியம். முதலில் பிரேக் ஆயில், பேட். அடுத்து வீல் அலைன்மென்ட்: முன்பக்கம் மைனஸ் 2 டிகிரி கேம்பர், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம். இந்த அளவில் தினசரி ஓட்டத்தில் டயரைத் தின்பது பெரும்பாலும் கேம்பர் அல்ல, தவறான டோ. அதற்குப் பிறகு டயர். சஸ்பென்ஷனை ஒரு சீசன் ஓட்டிய பிறகு யோசிக்கலாம். பவர் கூட்டும் வேலை பட்டியலிலேயே வேண்டாம்.

டிராக் அன்று காற்றை வழக்கத்தைவிட 4, 5 பிஎஸ்ஐ குறைத்துத் தொடங்கி, வெளியே வந்ததும் சூட்டிலேயே அளந்து சரிசெய்யுங்கள். டயரின் தோளில் சிறிய முக்கோணக் குறி இருக்கும். தேய்மானம் அதைத் தொட்டும் தொடாமலும் நின்றால் அழுத்தம் சரி, தாண்டிப் போனால் காற்று குறைவு. முதல் செஷன் முடிந்து வீல் ஆறியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிபாருங்கள். நின்றவுடன் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். சூடான பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று ஒட்டிக் கறை படிந்தால் பிறகு பிரேக் நடுங்கும். இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் டிராக்கில் செல்லாது. பாலிசியையும் வாரன்டியையும் முன்பே படியுங்கள். பேட் புதிதாக இருந்த தடிமனில் பாதிகூட மிச்சமில்லை என்றால் அன்று டிராக்குக்குப் போக வேண்டாம். மெலிந்த பேட் சூட்டை நேராக ஆயிலுக்குக் கடத்தும், மாலையில் வீட்டுக்குத் திரும்புவதும் அதே பேடில்தான்.