பன்னிரண்டே முக்காலுக்குக் கூட்டம் வைக்காதீர்கள்

சீனாவில் இருக்கும் குழுவோடு ஒருமுறை, அவர்கள் நேரப்படி பகல் 12.45-க்கு இணையவழியில் ஒரு சிறிய கூட்டம் வைத்தேன். அரை மணி நேர வேலைதானே என்ற நினைப்பு. ஐந்து பேர் வரவேண்டிய இடத்தில் ஒருவர் வந்தார். திரையில் அவர் முகம் மட்டும் தெரிந்தது, பின்னால் கும்மிருட்டு. மின்சாரம் போய்விட்டதா என்று கேட்டேன். "இல்லை, எல்லாரும் தூங்குகிறார்கள்" என்று கிசுகிசுத்துவிட்டுக் கேமராவைச் சற்றே திருப்பினார். ஒருவர் மேசைமேல் குட்டித் தலையணையை வைத்துக் கவிழ்ந்திருந்தார். இன்னொருவர் மடக்குக் கட்டிலை விரித்து, மேல்சட்டையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

வேலை நேரத்தில் இதென்ன தூக்கம் என்று அன்று மனத்துக்குள் முணுமுணுத்தேன். அதே குழுவிடமிருந்து, அவர்கள் ஊரில் இரவு எட்டு மணி தாண்டியும் மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. சீன அலுவலகங்கள் பலவற்றில் பதினொன்றரை, பன்னிரண்டுக்கே சாப்பாட்டை முடித்து, விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் கண்ணயர்வது வழக்கம். ஒளித்து மறைத்துச் செய்யும் காரியமல்ல. கட்டில் மேசைக்கடியிலேயே இருக்கும்.

பல நாட்டவர் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஒருவர் எப்போது சாப்பிடுகிறார், யாரோடு சாப்பிடுகிறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்து அவர் குணத்தைப் பற்றி முடிவு கட்டிவிடுகிறோம். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் அந்த ஊர்க் கடிகாரமும் சட்டமும் இருப்பது கண்ணில் படுவதில்லை.

மணியை எழுதாமல் வேளையை எழுதுவது

நார்வேயில் பகல் உணவு பதினொன்று, பதினொன்றரைக்கே வந்துவிடும். பெரும்பாலும் அரை மணியில் முடிந்தும்விடும். வீட்டிலிருந்து தாளில் மடித்துக் கொண்டுவந்த ரொட்டித் துண்டுகள்தான் சாப்பாடு, 'மாட்பாக்கே' என்பார்கள். ஒரு துண்டின் மேல் வைத்தது அடுத்த துண்டில் ஒட்டாமலிருக்க இடையில் வைப்பதற்கென்றே தனியாக ஒரு தாள் கடைகளில் விற்கிறது. ஸ்பெயினிலோ இரண்டு மணிக்கு மேல்தான் உட்காருவார்கள்; மூன்றரை வரை போகலாம். ஆஸ்லோக்காரர் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, தெம்பாக, 2.15-க்கு ஒரு கூட்டம் வைப்பார். மாட்ரிட்காரர் அப்போதுதான் கரண்டியைக் கையில் எடுத்திருப்பார். இருவருக்கும் கடிகாரத்தில் ஒரே மணி என்பதால், நேர மண்டலம் பார்த்துத் தரும் மென்பொருளும் இதைப் பிடித்துக் காட்டாது.

வார்த்தைகள் இன்னும் மோசம். 'ஃப்ரோகோஸ்ட்' என்றால் டென்மார்க்கில் மதிய உணவு, நார்வேயில் காலை உணவு. எழுத்துக்கூட்டலும் ஒன்றே. டென்மார்க்கில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு நார்வேக்கு மாறி வந்த ஒரு நண்பர், மணி குறிப்பிடாத 'ஃப்ரோகோஸ்ட்' அழைப்பை நம்பிப் பன்னிரண்டு மணிக்குப் போனார். காலி காபிக் கோப்பைகளைத்தான் பார்த்தார். கூட்டம் எட்டரைக்கே முடிந்திருந்தது. பிரெஞ்சிலும் இதே கதை. பாரிஸில் 'தெஜுனே' பகல் உணவு, 'தினே' இரவு உணவு. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் கியூபெக்கிலும் 'தெஜுனே' காலைக்குப் போய்விடும், 'தினே' பகலுக்கு வந்துவிடும். ஸ்பானியர் சிலருக்கு 'அல்முவெர்சோ' பதினொரு மணிச் சிற்றுண்டி. லத்தீன் அமெரிக்கர் பலருக்கு அது மதியச் சாப்பாடு. அழைப்பில் உணவின் பெயர் எதற்கு? மணியை மட்டும் எழுதுங்கள். அதற்கு முன், எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேசையிலேயே சாப்பிடுவதை உழைப்பு என்று எண்ணுவது

அமெரிக்காவில் மத்தியக் கூட்டாட்சிச் சட்டம் உணவு இடைவேளையைக் கட்டாயமாக்கவில்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தனியாகச் சட்டம் வைத்திருக்கின்றன. ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் அங்கே 30 நிமிடம். மற்றபடி, கணினி முன்னாலேயே ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் தட்டச்சு செய்வது சாதாரணக் காட்சி. அந்தப் பழக்கத்தோடு பிரான்சுக்குப் போகிறவர் அங்கேயும் மேசையில் பெட்டியைத் திறந்து, தன் சுறுசுறுப்பை எல்லாரும் மெச்சுவார்கள் என்று நினைப்பார். பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத் தொகுப்போ, வேலைக்கென ஒதுக்கிய இடத்தில் ஊழியர்களைச் சாப்பிட விடுவதைத் தடை செய்கிறது. 1894-இல் தொழிற்கூடச் சுகாதாரத்துக்காக வந்த ஆணை அதன் வேர். கரோனா காலத்தில், 2021 பிப்ரவரியில், தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நடைமுறையில் மீறுகிறவர்கள் அங்கேயும் உண்டு. ஆனாலும் புதிதாக வந்தவர் அதைப் பெருமையாகச் செய்வதும், 'நீங்கள் ஏன் ஒரு மணி நேரம் எடுக்கிறீர்கள்' என்ற பார்வையோடு செய்வதும் எடுபடாது.

ஜெர்மனியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிட இடைவேளை, ஒன்பதுக்கு மேல் என்றால் 45. ஜப்பானில் 1947-இல் வந்த தொழில் தரநிலைச் சட்டம் ஆறு மணி நேரத்துக்கு மேல் 45 நிமிடம், எட்டுக்கு மேல் ஒரு மணி நேரம் தருகிறது. விதிவிலக்குகள் போக, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இடைவேளை விட வேண்டும், அதைத் தம் விருப்பப்படி கழிக்க விட வேண்டும் என்றும் சொல்கிறது. 'சாப்பிட்டுக்கொண்டே தொலைபேசியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று மேலாளர் சொன்னால், அந்த நேரம் இடைவேளைக் கணக்கில் வராது, வேலையில் சேரும். இது தெரியாத வெளிநாட்டு மேலாளர், ஜப்பானியர் முகம் சுளிக்கவில்லை என்பதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்.

உபசாரத்தையும் அழைப்பையும் குழப்பிக்கொள்வது

ஜெர்மன் அலுவலக நடைபாதையில் பன்னிரண்டு மணிவாக்கில் எதிரே வருகிறவர் 'மால்ட்சைட்' என்பார். சொல்லுக்குப் பொருள் 'சாப்பாட்டு வேளை'. கூடவே போய்விடாதீர்கள், அது வெறும் வணக்கம், அதையே திருப்பிச் சொன்னால் போதும். மெக்சிகோவில் உணவகத்தை விட்டுக் கிளம்புகிறவர் முன்பின் தெரியாத மேசைக்காரர்களைப் பார்த்தும் 'புரோவெச்சோ', அதாவது 'நன்றாகச் சாப்பிடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவார். நன்றி என்று ஒரு சொல் சொன்னால் போதும். பிலிப்பைன்ஸ் சக ஊழியர் தட்டைக் காட்டி 'கைன் தாயோ', அதாவது 'வாருங்கள் சாப்பிடுவோம்' என்றால் அது அன்புதான். ஆனால் முதல் அழைப்பிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டால் அவர் தட்டில் இருக்கும் ஒரு ஆள் சாப்பாடு பாதியாகிவிடும். சிரித்து மறுப்பதும் அங்கே மரியாதைதான்.

கணக்குத் தீர்க்கும் நேரம்தான் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும். ஜெர்மன் பணியாளர் 'சேர்த்தா, தனித்தனியாகவா' என்று நேராகக் கேட்டுவிடுவார். கஞ்சத்தனம் என்று அங்கே யாரும் நினைக்க மாட்டார்கள். கொரியாவில் பெரும்பாலும் மேசையில் மூத்தவர் கொடுப்பார். அங்கே ஒருமுறை, உடனிருந்தவர்களில் மிக மூத்தவரை முந்திக்கொண்டு நான் பணத்தை நீட்டினேன். மேசையே ஒரு கணம் அடங்கிப்போனது. அவர் சிரித்தபடி என் கையை இறக்கிவிட்டார். வெளியே வந்ததும் பக்கத்தில் இருந்த இளைஞர், 'காபி நாம் வாங்கித் தரலாம்' என்று காதோடு சொன்னார். சிக்கல் தீர்ந்தது. ஆனால் எதிரே இருப்பவர் அரசு ஊழியராக இருந்தால் இந்தத் தாராளம் வேறு மாதிரி ஆபத்து: அங்கே 2016-இல் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டம், அவர்களுக்கு வாங்கித் தரும் உணவுக்கு 30,000 வோன் என்று வரம்பு வைத்தது. 2024-இல் அது 50,000 ஆக உயர்ந்தது.

சின்ன விஷயங்கள் இரண்டு. கொரியாவில் பெரியவர் கரண்டியை எடுக்கும்வரை பொறுத்திருங்கள். சோற்றுக் கிண்ணம் மேசையிலேயே இருக்கட்டும். ஜப்பானில் கிண்ணத்தைக் கையில் ஏந்திச் சாப்பிடலாம், ஆனால் சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

தட்டு காலியானதும் எழுந்து போவது

ஸ்பெயினில் சாப்பாடு முடிந்தபின் மேசையைவிட்டு எழாமல் பேசிக்கொண்டிருப்பதற்கு 'சொப்ரெமெசா' என்று தனிப் பெயரே உண்டு. பிரெஞ்சில், பேச்சு இறுக்கம் தளரும் தருணத்துக்கு 'பேரிக்காய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவே' என்று ஒரு வழக்கு. கடைசிக் கவளத்தோடு 'வேலை இருக்கிறது' என்று எழுந்து போகிறவர் அந்த நேரத்தைத்தான் இழக்கிறார். அடுத்த வாரம் யார் எந்தத் திட்டத்தில் சேரப்போகிறார், யார் யாரிடம் கோபமாக இருக்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். மின்னஞ்சலில் வராது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. தனியாகச் சாப்பிடுகிறவரை வலுக்கட்டாயமாக இழுத்து வந்து மேசையில் உட்கார வைப்பதும் தவறுதான். தாய்மொழி அல்லாத மொழியில் காலையிலிருந்து நான்கு மணி நேரம் பேசிக் களைத்த ஒருவருக்கு, வாயை மூடிக்கொண்டு இருக்கக் கிடைக்கும் ஒரே அரை மணி நேரம் அது. அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று அலுவலகம் பேசும். வாரத்துக்கு ஒரு நாள் கூப்பிட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

விரதம் இருப்பவரிடம் பரிதாபப்படுவது

'தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா?' ரமலான் மாதத்தில் விரதம் இருக்கும் ஒருவரிடம் ஒரே நாளில் நான்கு பேர் இந்தக் கேள்வியைக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். ஆமாம், கூடாது. அதற்காக அவர் எதிரில் சாப்பிடுகிறவர்கள் தட்டை ஒளித்துவைத்துக் கூனிக்குறுக வேண்டியதுமில்லை. குழுவின் விருந்தை அந்த மாதத்தில் பகலில் வைக்காமலிருந்தாலே நிறைய. அந்த மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே நகர்ந்துவிடும் என்பதால், போன வருடத் தேதியை அப்படியே நம்ப முடியாது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியில் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடுவதில்லை. செவ்வாய்க்கிழமை இறைச்சி சாப்பிட்டவர்தானே என்று புதன்கிழமைக்கும் அதையே வரவழைத்தால் அவர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்.

வாசனை விவகாரத்தில் என் கட்சி இதுதான்: மைக்ரோவேவ் அடுப்புக்கு மேலே 'கடும் வாசனை உள்ள உணவைச் சூடாக்காதீர்கள்' என்று அறிவிப்பு ஒட்டுவதைவிட, காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்றை மாட்டுவது மலிவு. அந்த அறிவிப்பு எல்லாருக்கும் என்றுதான் எழுதப்படுகிறது. ஆனால் யாரைக் குறித்து என்பது அறையில் அனைவருக்கும் தெரியும். குறிக்கப்பட்டவர் மறுநாள் முதல் ஆறிய சாப்பாட்டைப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

அந்தச் சீன நண்பரின் நாட்காட்டியில் இப்போது பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை சாம்பல் நிறத்தில் அடைத்திருக்கிறது. போன வாரம் அவர் வைத்த ஒரு கூட்டம் சரியாக என் சாப்பாட்டு நேரத்தில் வந்து விழுந்தது. மறுக்க மனமில்லாமல், கேமராவையும் ஒலியையும் அணைத்துவிட்டு, தட்டோடு உட்கார்ந்தேன். பேச வேண்டிய முறை வந்தபோது வாய் நிறையச் சோறு. மென்று விழுங்கிவிட்டு ஒலியைத் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்: "உங்களுக்கு இது சாப்பாட்டு நேரமா?"