ஆன்லைனில் வாங்கிய துணி: வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா?

என் பீரோவில் இரண்டு குர்திகள் டேக்கோடு அப்படியே கிடக்கின்றன. "அப்புறம் பார்க்கலாம்" என்று மடித்து வைத்து, ரிட்டர்ன் தேதியைத் தவறவிட்டவை. போடவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனசு வரவில்லை. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது.

படி 1: பார்சல் வந்த அன்றே பிரியுங்கள்

முகவரிச் சீட்டு தெரியும்படி வைத்து, பிரிப்பதை மொபைலில் வீடியோ எடுங்கள். கிழிசலோ கறையோ இருந்தால் கையில் சாட்சி இருக்கும். பிறகு ஆப்பில் அந்த ஆர்டரைத் திறந்து, திருப்பி அனுப்பக் கடைசி நாள் எது என்று பாருங்கள். ஒரே ஆர்டரில் வந்த இரண்டு துணிகளுக்கே அது மாறலாம். உள்ளாடைகளைப் பெரும்பாலும் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

டேக்கை வெட்ட வேண்டாம். எண்ணெய் வைத்த தலை, பவுடர், சென்ட் எதுவும் துணியில் படக்கூடாது.

படி 2: பகல் வெளிச்சத்தில் நிறம்

ஜன்னலோரம் விரித்துப் பாருங்கள். டியூப்லைட்டில் மெரூனாகத் தெரிந்தது வெயிலில் பழுப்பாக இருக்கும்.

படி 3: போட்டுப் பாருங்கள், தோளில் தொடங்குங்கள்

முடிவு செய்ய வேண்டிய இடம் இதுதான். கண்ணாடியில் முதலில் இடுப்பைப் பார்ப்பது நம் வழக்கம். ஆனால் இடுப்பு, நீளம், கை எல்லாவற்றையும் தெருமுனை டெய்லரே பிடித்துக் கொடுத்துவிடுவார். தோள்பட்டை அப்படியில்லை. கையையும் கழுத்தையும் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். தோள் தையல் எலும்பு முடியும் இடத்தைத் தாண்டித் தொங்கினாலோ, கழுத்துப் பக்கம் ஏறி நின்றாலோ அனுப்பிவிடுங்கள்.

அடுத்து கையைத் தூக்கி, பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் நில்லுங்கள். அக்குள் இழுக்கிறதா? உட்கார்ந்து பாருங்கள். பக்கவாட்டு ஓப்பன் விரிந்து ஏறுகிறதா? இறுக்கமாக இருந்தால் உள்ளே திருப்பி, தையலுக்கு அப்பால் துணி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். விட்டிருந்தால் பிரித்துக்கொள்ளலாம். ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் அடிக்கும் தையல்) அதை ஒட்டியே முடிந்திருந்தால் வழியில்லை.

படி 4: துவைத்த பிறகு என்ன ஆகும்?

காட்டன் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சகஜம். 40 இன்ச் சுற்றளவில் 5 சதவீதம் என்றால் 2 இன்ச். ஆகவே இன்று கச்சிதமாக இருக்கும் காட்டன் குர்தி நாளை இறுக்கிப் பிடிக்கும். நான் அப்படிப்பட்டதை வைத்துக்கொள்வதில்லை, ஒரு சைஸ் பெரியதாக மாற்றிவிடுவேன்.

புடவைக்குத் தனிக் கவனம்

ஃபால்ஸ் அடித்துவிட்டாலோ பிளவுஸ் பிட்டை வெட்டிவிட்டாலோ ரிட்டர்ன் அதோடு முடிந்தது. அதற்கு முன் முழுவதும் விரித்து அளந்துவிடுங்கள். பிளவுஸ் பிட்டோடு 6.3 மீட்டர் என்று போட்டிருந்தால் அது இருக்க வேண்டும். பட்டு என்று விற்றிருந்தால், சுத்தப் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் சீட்டைத் தேடுங்கள். சீட்டு இல்லையென்றால், ஓரத்தில் தானாகத் தொங்கும் நூல் ஒன்றை மட்டும் எடுத்து, புடவைக்கு எட்டத்தில் வைத்துக் கொளுத்துங்கள். பட்டு முடி கருகிய வாசனை தரும், சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும்.

படி 5: விலையை மறந்துவிட்டு யோசியுங்கள்

1,200 ரூபாய் குர்தி 500-க்குக் கிடைத்தது என்பதால் அதைப் பிடித்துவைக்கத் தோன்றும். போடாத குர்திக்கு 500 ரூபாய் நஷ்டம்தான். இதற்கு ஏற்ற பேன்ட், துப்பட்டா வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் இரண்டு பொருள் வாங்கினால்தான் போட முடியும் என்றால் திருப்பிவிடலாம்.

படி 6: காரணத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள்

துணியில் குறை இருந்தால் "பிடிக்கவில்லை" என்பதைத் தேர்வு செய்யாதீர்கள். குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. மறுத்தால் படங்களையும் வீடியோவையும் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். பார்சலை எடுக்க வருபவரிடம் கொடுக்கும்போது டேக் தெரிய ஒரு போட்டோ எடுத்து, பணம் கணக்கில் ஏறும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.