எந்த ஹெட்செட் என்று கேட்பதற்கு முன்னால்

எங்கள் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரில் பள்ளத்தூரிலேயே தங்கிவிட்டவன் நான் ஒருவன்தான். ஒரு அண்ணன் சிங்கப்பூர், இன்னொருவர் ஈப்போ, மற்றவர்கள் சென்னை. படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்பக் கும்பிடு), கல்யாணம் என்றால்தான் எல்லோரும் ஒரே வளவில், அதாவது வீட்டு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், பாய் விரித்து உட்காருவோம். மற்றபடி சனிக்கிழமை ராத்திரி ஆளுக்கொரு ஊரில் கன்சோலை (டிவியில் செருகி விளையாடும் பெட்டி) போட்டு, ஹெட்செட்டில் கதை பேசிக்கொண்டே விளையாடுவதுதான் எங்கள் கூட்டம். இங்கே 9 மணி என்றால் சிங்கப்பூரில் 11.30. அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டே சுடுவார்.

இந்தப் பேச்சுக்காக நாங்கள் வாங்கிய ஹெட்செட்கள் ஐந்து. அதில் மூன்று தண்டம். மூன்றும் மட்டமான பொருள் இல்லை, நல்ல விலைதான். வாங்கிய விதத்தில்தான் கோளாறு. எது நல்ல ஹெட்செட் என்று ஊரெல்லாம் விசாரித்தோம். அதைச் செருகப்போகும் கன்சோல் எது, போட்டுக்கொண்டு உட்காரப்போகும் வீடு எப்படிப்பட்டது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

முதல் தண்டம் ப்ளூடூத். காரைக்குடியில் ஒரு கடையில் வாங்கினேன். "எல்லாத்துக்கும் ஆகும் தம்பி" என்றார் கடைக்காரர். போனுக்கு ஆனது, டிவிக்கு ஆனது, என் கன்சோலான பிஎஸ் 5-க்கு (பிளேஸ்டேஷன் 5) மட்டும் ஆகவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கண்ட்ரோலரே ப்ளூடூத்தில்தான் ஓடுகிறது, ஹெட்செட் மட்டும் ஏன் ஓடாது என்று எனக்கும் தோன்றியது. பிஎஸ் 5 ப்ளூடூத் ஹெட்செட்டை நேரடியாக ஏற்பதே இல்லை. எக்ஸ்பாக்ஸும் அப்படித்தான், அது தனக்கென்று தனி வயர்லெஸ் முறை வைத்திருக்கிறது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2021 செப்டம்பர் அப்டேட்டில் ப்ளூடூத் ஹெட்போனை அனுமதித்தது, ஆனால் கேட்க மட்டும்தான். மைக் வேலை செய்யாது.

தனியாக ஒரு அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாமே என்பார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்க ஒரு வழி, பேச இன்னொரு வழி. மைக்கை ஆன் செய்த நொடியில் அது பேசும் வழிக்கு மாறிவிடும். அதுவரை இரண்டு காதிலும் விரிந்து கேட்ட சத்தம் பழைய டெலிபோன் சத்தமாகச் சுருங்கிவிடும். போதாததற்குத் தாமதம் வேறு. துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் வரும். படம் பார்க்க இது பரவாயில்லை, விளையாட உதவாது.

அதனால்தான் கன்சோலுக்கென்று வரும் வயர்லெஸ் ஹெட்செட்கள் கன்சோலின் யுஎஸ்பியில் செருகும் சின்ன டாங்கிள் ஒன்றோடு, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் வருகின்றன. இதில் தாமதம் தெரியாது. ஆனால் இங்கேதான் எங்கள் இரண்டாவது தண்டம் நடந்தது. சென்னைத் தம்பியிடம் இருப்பது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். சிங்கப்பூரிலிருந்து திருவிழாவுக்கு வந்த அண்ணனிடம் "ஒரு வயர்லெஸ் ஹெட்செட் வாங்கிட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டோம், எந்தக் கன்சோலுக்கு என்று சொல்லவில்லை. அவர் தன்னிடம் இருப்பது போலவே பிளேஸ்டேஷன் வகை ஒன்றை வாங்கி வந்தார். ஒரே கம்பெனி, ஒரே உருவம், ஒரே பெயர், பெட்டி ஓரத்தில் மட்டும் நீலப் பட்டை. எக்ஸ்பாக்ஸில் செருகினால் அது டாங்கிளைக் கண்டுகொள்ளவே இல்லை. பச்சைப் பட்டை போட்ட எக்ஸ்பாக்ஸ் வகைகளில் பல, பக்கத்திலிருக்கும் சுவிட்சை மாற்றினால் பிளேஸ்டேஷனிலும் ஓடும். நீலம் பச்சைக்கு ஓடாது. வீட்டில் இரண்டு கன்சோலும் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். அப்புறம், வெளிநாட்டில் வாங்கி வரும் பொருளுக்கு வாரண்டி பெரும்பாலும் அந்த நாட்டோடு முடிந்துவிடும். கஸ்டம்ஸ் தாண்டி வந்த பாசம் ரிப்பேருக்கு உதவாது.

டாங்கிளின் வாயையும் பாருங்கள். முதலில் வந்த பிஎஸ் 5-இன் முகப்பில் பழைய அகல யுஎஸ்பி ஒன்று, டைப்-சி ஒன்று இருந்தன. பின்னால் வந்த ஸ்லிம்மில் முகப்பில் இரண்டுமே டைப்-சி. அகல யுஎஸ்பிக்குப் பின்பக்கம்தான் போக வேண்டும். இன்னொன்று, பழைய ஹெட்செட்கள் சில ஆப்டிகல் வயரில் (சத்தத்தை ஒளியாக அனுப்பும் வயர்) ஓடும். பிஎஸ் 5-இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் அந்தத் துளையே கிடையாது. யாராவது "கம்மி விலைக்குத் தர்றேன்" என்று அதைத் தள்ளிவிட வந்தால் கும்பிட்டு அனுப்புங்கள்.

என்னைக் கேட்டால் முதல் ஹெட்செட் வயர் வைத்ததாகவே இருக்கட்டும். கண்ட்ரோலரின் அடியில் உள்ள 3.5 மிமீ துளையில் செருகினால் முடிந்தது. பிஎஸ் 4, பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் ஆகும், சார்ஜ் போடும் தொல்லை இல்லை. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு வந்த முதல் கண்ட்ரோலரில் மட்டும் இந்தத் துளை கிடையாது. 2015-இல் வந்த கண்ட்ரோலரிலிருந்துதான் உண்டு. வாங்கும்போது பின்னைக் கையில் எடுத்து அதிலுள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் மைக்கும் சேர்ந்தது. இரண்டுதான் என்றால் அது கேட்க மட்டும். பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு பின் பிரிந்திருந்தால் அது கம்ப்யூட்டருக்கானது, இரண்டையும் ஒன்றாக்கும் சின்ன வயர் ஒன்று தனியாக வேண்டும்.

பளபளவென்று விளக்கு எரியும் ஹெட்செட்களில் ஒரு சூட்சுமம் உண்டு. 3.5 மிமீ பின்னோடு யுஎஸ்பி வயர் ஒன்றும் சேர்ந்து தொங்கும். விலை குறைந்தவற்றில் அந்த யுஎஸ்பி விளக்குக்கு மட்டும்தான், சத்தம் அதில் போகாது. பின் கண்ட்ரோலரில், யுஎஸ்பி ஆறடி தள்ளியிருக்கும் கன்சோலில் என்று செருகிவிட்டு, இடையில் மாடு கட்டியது போல உட்கார்ந்திருக்க வேண்டும். தலைக்கு மேல் எரியும் விளக்கு போட்டிருப்பவன் கண்ணுக்கே தெரியாது என்பது வேறு விஷயம்.

சரி, கன்சோல் கணக்கு முடிந்தது. இனி வீடு. இதைப் பற்றித்தான் யாருமே பேசுவதில்லை, எங்கள் ஊர்ப் பக்கம் இதுதான் பெரிய விஷயம்.

நான் முதலில் விளையாட உட்கார்ந்தது வளவை ஒட்டிய பெரிய கூடத்தில். மேலே உயரமான கூரை, கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் கலந்து கண்ணாடி மாதிரி இழைத்த சுவர். பேச ஆரம்பித்ததும் ஈப்போ அண்ணன் கேட்டார், "ஏன்டா கெணத்துக்குள்ள எறங்கிட்டியா?" மைக் சரியில்லை என்று நினைத்து வேறொன்றைப் போட்டேன். அதே கிணறு. மைக் மேல் தப்பே இல்லை. வழவழப்பான கடினப் பரப்பு எதுவும் சத்தத்தை உள்ளே வாங்காது, திருப்பி அடிக்கும். நான் பேசியது என் வாயிலிருந்து ஒருமுறையும், சுவர், தரை, கூரை என்று மோதிப் பலமுறையும் மைக்குக்குப் போயிருக்கிறது. வெயிலுக்கு அந்தச் சுவர் சுகம், குரலுக்கு ஆகாது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புது அரங்கத்தில் பேசினால் ஒன்றுமே புரியவில்லை என்று 1895 வாக்கில் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் சரிசெய்யக் கொடுத்தார்கள். அவர் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். இடம் பெரிதாக ஆக எதிரொலி நீளும், மெத்தென்ற பொருள் கூடக் கூடச் சுருங்கும் என்ற கணக்கு அப்படித்தான் பிறந்தது. எனக்கு மெத்தை தூக்க வேறு ஊர் போக வேண்டியிருக்கவில்லை. விருந்தாளிகளுக்காக மாடி அறையில் அடுக்கி வைத்திருந்த பஞ்சு மெத்தைகளுக்கு நடுவிலேயே டிவியை வைத்தேன். தரையில் ஜமக்காளம், பின்னால் ஒரு திரைச்சீலை. அதே ஹெட்செட், அதே மைக். "இப்பத்தான் மனுசன் மாதிரி பேசுற" என்றார் அண்ணன். செலவு ஒரு பைசா இல்லை.

அறையை மாற்ற வழியில்லை என்றால் மைக்கை மாற்றலாம். காதோரம் பொட்டு மாதிரி ஒட்டியிருக்கும் மைக் அறை முழுவதையும் பிடிக்கும். வாய்ப்பக்கம் நீண்டு வரும் தண்டு மைக், ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும் வாங்கும் வகை, நல்லது. வாய்க்கு நேராக வைத்தால் மூச்சுக் காற்று புஸ் புஸ் என்று அடிக்கும். உதட்டின் ஓரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். ஃபேன் காற்று நேரே மைக்கில் படாமல் முகத்தைத் திருப்பி உட்காருங்கள்.

இங்கே பலரும் ஏமாறுவது "நாய்ஸ் கேன்சலிங்" என்ற சொல்லில். அது எங்கே எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காதுக்கானது என்றால் அப்பத்தாவின் சீரியல் சத்தம் உங்களுக்குக் குறையும், மைக் வழியாகச் சிங்கப்பூருக்குக் கேட்கும். மைக்குக்கானது என்றால்தான் எதிர்முனைக்கு நிம்மதி. இரண்டும் வேறு வேறு. கூட்டத்தில் பேசத்தான் வாங்குகிறீர்கள் என்றால் காசை மைக்கில் போடுங்கள்.

7.1 (சுற்றிலும் எட்டு ஸ்பீக்கர் வைத்த மாதிரி) என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலும் இரண்டு காதுக்கு இரண்டு ஸ்பீக்கர்தான் உள்ளே இருக்கும். எந்தத் திசையில் காலடி கேட்கிறது என்று காட்டும் வேலையைப் பிஎஸ் 5 தானே செய்துவிடும், சாதாரண ஸ்டீரியோ போதும். எக்ஸ்பாக்ஸிலும் அதே வேலைக்கு விண்டோஸ் சோனிக் என்ற வசதி இலவசமாக இருக்கிறது. 50 மிமீ ஸ்பீக்கர் என்பதும் தரத்துக்கு அத்தாட்சி இல்லை. பாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் 250 ஓம் (மின்தடை அளவு) ஹெட்போனைக் கண்ட்ரோலரில் செருகினால் முனகும். 32 ஓம் பக்கம் இருப்பது சரியாக இருக்கும்.

வெயில் பற்றிச் சொல்லியாக வேண்டும். சித்திரை, வைகாசியில் ரெக்சின் மெத்தை வைத்த ஹெட்செட்டை அரை மணி நேரம் போட்டால் காது வெந்துவிடும். ஒன்றிரண்டு வருடத்தில் வியர்வை பட்டு அந்த ரெக்சின் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். துணி மெத்தை வைத்ததை எடுங்கள், மெத்தையைக் கழற்றி மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடே போட்டுப் பார்க்க வேண்டும்.

பேசும்போது நாம் குரலை உயர்த்துவதற்கும் ஒரு காரணம் உண்டு. காது இரண்டும் மூடியிருக்கும்போது நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காது, அதனால் கத்துவோம். நம் குரலை நம் காதுக்கே கொஞ்சம் திருப்பித் தரும் சைட்டோன் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். காதில் கேட்கும் சத்தத்துக்கும் எல்லை உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நண்பர்கள் பேசுவது கேட்கவில்லை என்றால் மொத்த வால்யூமைத் தூக்காமல், விளையாட்டுச் சத்தத்துக்கும் பேச்சுக்கும் இடையிலான அளவை மாற்றுங்கள். கன்சோலிலேயே அதற்கு இடம் இருக்கிறது. நம்மிடம் பிளேஸ்டேஷன், அவனிடம் எக்ஸ்பாக்ஸ், குரலே போகவில்லையே என்று ஹெட்செட்டைத் திட்டுபவர்களும் உண்டு. இரண்டின் பார்ட்டியும் (கன்சோலுக்குள்ளேயே இருக்கும் குழுப் பேச்சு) ஒன்றோடொன்று சேராது. டிஸ்கார்ட் என்ற பேச்சுச் செயலி வழியாகப் பேசலாம். எக்ஸ்பாக்ஸுக்கு 2022-இலும் பிஎஸ் 5-க்கு 2023-இலும் அது வந்துவிட்டது.

மூன்றாவது தண்டத்தைச் சொல்லவில்லையே. அது ஒரு வயர் ஹெட்செட். காதில் அருமையாகக் கேட்டது, ஆனால் நான் பேசுவது யாருக்கும் போகவில்லை. பின்னைத் துடைத்தேன், திருகினேன், வேறு கண்ட்ரோலரில் போட்டேன். மைக் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, பாட்டுக் கேட்கட்டும் என்று எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டேன். பிஎஸ் 5 கண்ட்ரோலரின் நடுவில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதில் ஆரஞ்சு விளக்கு எரிந்தால் மைக் மூடியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே நுழையும்போதே மைக் மூடியிருக்கட்டும் என்று எப்போதோ ஒருநாள் செட்டிங்கில் நானேதான் போட்டு வைத்திருந்தேன். புது ஹெட்செட் வாங்கி, அதிலும் குரல் போகாமல் போன பிறகுதான் அந்த ஆரஞ்சு கண்ணில் பட்டது. எதிர்வீட்டுப் பையன் இன்றைக்கும் அந்த ஹெட்செட்டில்தான் விளையாடுகிறான். மைக் பிரமாதமாம்.