டெல்லியிலிருந்து குமாவுன் மலைக் கிராமத்துக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு

மயூர் விஹாரில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் நைனிடால் பார்க்காதவர்கள் கிடையாது. ஏரியில் படகு, மால் ரோட்டில் மோமோ, திரும்பும் வழியில் மூன்று மணி நேர நெரிசல். மலைக் கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறீர்களா என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள்.

நாங்களும் முதல் தடவை அப்படித்தான் போனோம். ஐந்து நாளில் ஆறு ஊர். அந்தப் பயணத்தில் அம்மாவுக்கு நினைவிருப்பது டிரைவரின் பின்மண்டை மட்டும். அதனால் இந்த விளக்கத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: ஒரே கிராமம், குறைந்தது மூன்று இரவு. மற்றதெல்லாம் இதையொட்டி வருவது.

படி 1: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

உத்தராகண்டின் மலைப்பகுதி கட்வால், குமாவுன் என்று இரண்டு பிரிவு. பத்ரிநாத், கேதார்நாத் எல்லாம் கட்வால் பக்கம். யாத்திரை மாதங்களில் அங்கே சாலை நிறைய வண்டிகள். குமாவுனுக்கு மலையடிவாரம் வரை ரயில் போகிறது, வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகச் சுலபம். முதல் தடவைக்கு அல்மோரா மாவட்டத்தில் பின்சர் காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களையோ, முக்தேஷ்வர் பக்கத்துக் கிராமங்களையோ பாருங்கள். உயரம் சுமார் 1,500 முதல் 2,300 மீட்டர். ஊட்டியில் மூச்சு வாங்காதவர்களுக்கு இங்கேயும் வாங்காது.

முன்ஸியாரிக்குப் பக்கத்தில் சர்மோலி என்று ஒரு கிராமம். பெண்கள் சேர்ந்து ஹோம்ஸ்டே நடத்தி, 2023ல் நாட்டின் சிறந்த சுற்றுலாக் கிராமம் என்று மத்திய அரசின் விருதும் வாங்கிய ஊர். எதிரே பஞ்சசூலியின் ஐந்து சிகரங்கள். ஆனால் மலையடிவாரத்திலிருந்து காரில் ஒரு முழுப் பகல் போக வேண்டும். அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் தேடும்போது ஊர்ப் பெயருக்குக் கீழே ஹோட்டல் பட்டியல் நீண்டுகொண்டே போனால் அது கிராமமில்லை. அதைவிட நல்ல வழி, உங்கள் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ ஒரு குமாவுன்காரரைக் கண்டுபிடிப்பது. டெல்லியில் அவர்கள் இல்லாத இடமில்லை. வேலை தேடி இளைஞர்கள் இறங்கிவிடுவதால் 2011க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளில்லாமல் போனதாக மாநில அரசின் இடம்பெயர்வு ஆணையம் 2018ல் கணக்குச் சொன்னது. "எங்கள் பெரியப்பா வீட்டில் இரண்டு அறை சும்மா இருக்கிறது" என்று யாராவது சொன்னால் உடனே போன் நம்பரை வாங்கிவிடுங்கள். எங்களுக்கு வீடு கிடைத்தது அப்படித்தான்.

படி 2: மாதத்தைப் பாருங்கள்

இந்த இடத்தில் நம் வீட்டு நாள்காட்டியே உதவும். குமாவுனிலும் பல பண்டிகைகள் சூரிய மாதக் கணக்கில், சங்கராந்தியை வைத்து வருகின்றன. பங்குனி பிறக்கும் நாளில் அங்கே பூல் தேய். விடியற்காலையில் பிள்ளைகள் கூடை நிறையப் பூவோடு வந்து வீட்டுக்கு வீடு வாசற்படியில் வைத்துவிட்டுப் பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் அரிசியும் வெல்லமும் கொடுப்பார்கள். நம் வீடுகளில் காரடையான் நோன்பு வருகிற அதே சமயம்.

தை பிறக்கும்போது குகுதியா. கோதுமை மாவில் வெல்லம் சேர்த்துப் பொரித்த பலகாரத்தை மாலையாகக் கோத்துப் பிள்ளைகள் கழுத்தில் போட்டுக்கொண்டு, காக்காய்களைக் கூப்பிட்டுச் சாப்பிடக் கொடுப்பார்கள். அம்மா இதைக் கேட்டதும், "அட, கனுப்பிடி!" என்றாள். அதே நாட்களில் பாகேஷ்வரில் உத்தராயணி மேளா. 1921ல் அந்த மேளாவில்தான் கூலி வாங்காமல் வெள்ளைக்காரர்களுக்குச் சுமை தூக்கும் கட்டாய வேலையை எதிர்த்து, அதற்கான பதிவேடுகளைச் சரயு நதியில் எறிந்தார்கள்.

ஆடி பிறப்பில் ஹரேலா. ஒன்பது பத்து நாள் முன்னால் தானியத்தை வீட்டுக்குள் விதைத்து, முளைத்த இளம்பயிரை அன்றைக்கு அறுத்துப் பெரியவர்கள் சின்னவர்கள் தலையில் வைத்து வாழ்த்துவார்கள். முளைப்பாரி தெரிந்த நமக்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் ஆடி, ஆவணி அங்கே கடும் மழை, மண்சரிவு. முதல் தடவைக்கு வேண்டாம்.

பனிச்சிகரம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகை. காடெல்லாம் சிவப்பாகப் புராஞ்ச் பூத்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் மார்ச், ஏப்ரல். மே, ஜூனில் கூட்டம் ஒரு பக்கம், பைன் மரச் சருகில் பற்றும் காட்டுத்தீயின் புகை இன்னொரு பக்கம். முக்கியமாக ஜூன் 15ஐ ஒட்டி அல்மோரா சாலையில் போகாதீர்கள். வழியில் இருக்கும் கைஞ்சி தாம் ஆசிரமத்தின் ஆண்டு விழா, வண்டி நகராது.

படி 3: டிக்கெட்

இறங்க வேண்டிய இடம் காத்கோதாம். ரயில் பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது, தூங்கிவிட்டாலும் பயமில்லை. பழைய டெல்லியிலிருந்து இரவில் ராணிகேத் எக்ஸ்பிரஸ், புது டெல்லியிலிருந்து காலையில் சதாப்தி. இரவு ரயிலில் போனால் விடிகிற நேரத்தில் இறங்கி, வெளிச்சம் இருக்கும்போதே கிராமத்துக்குப் போய்விடலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. தசரா, தீபாவளி விடுமுறை என்றால் திறந்த அன்றே போடுங்கள். கிடைக்கவில்லையென்றால் ஆனந்த் விஹாரிலிருந்து பஸ் இருக்கிறது, இடுப்பு தாங்கும் வயதாக இருந்தால்.

படி 4: வீட்டுக்காரரிடம் போனில் பேசுங்கள்

ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டிய எல்லாமே வீடில்லை. ஒரு தடவை பணம் கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால் அது பன்னிரண்டு அறை லாட்ஜ். முதலாளி நொய்டாவில் இருக்கிறாராம், மேனேஜர் பையன் எங்களுக்குப் பனீர் பட்டர் மசாலாவும் நூடுல்ஸும் கொடுத்தான். ஆகவே செயலியில் பதிவு செய்தாலும் ஒரு போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்.

"ஆப் லோக் உஸீ கர் மே ரஹ்தே ஹைன் கியா?" அதே வீட்டில்தான் நீங்களும் இருக்கிறீர்களா? இதற்கு "ஆமாம், ஆனால்..." என்று இழுத்தால் வேறு வீடு பாருங்கள்.

"சடக் ஸே கித்னா பைதல் ஹை?" சாலையிலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும்? "பஸ், தஸ் மினட்" என்பார்கள். அது மலைக்காரர்களின் பத்து நிமிடம், நமக்கு அரை மணி. முட்டி வலிக்காரர்கள் உடன் வந்தால் ஏற்றமா இறக்கமா என்றும் கேளுங்கள். போகும்போது இறக்கம் என்றால் திரும்பும்போது ஏற்றம் என்பதை நாங்கள் கடைசி நாளன்றுதான் உணர்ந்தோம்.

"கானா பஹாடி மிலேகா?" மலைச் சாப்பாடு கிடைக்குமா? இந்த ஒரு கேள்வியில் அவர்கள் குரலே மாறிவிடும். பட்டணத்து ஆட்களுக்கு ராகி ரொட்டியைக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள் என்று கூச்சப்பட்டுத்தான் பல வீடுகளில் பனீர் வாங்கி வைக்கிறார்கள்.

நாங்கள் கொடுத்தது ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,600 ரூபாய், சாப்பாடு உட்பட. பேரம் பேசவில்லை, நீங்களும் பேசாதீர்கள்.

படி 5: பெட்டி

டெல்லிக் குளிருக்கு வைத்திருக்கும் ஸ்வெட்டர் போதும், ஐப்பசியிலும் மாலையானால் தேவைப்படும். பிடிப்புள்ள ஷூ, டார்ச், கொஞ்சம் அதிகமாகவே ரொக்கம், வழக்கமான மருந்துகள். காபிப் பொடியும் சின்ன ஃபில்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக மட்டுமில்லை, வீட்டுக்காரர்களுக்கும் போட்டுக் கொடுக்க. எங்கள் டிக்காஷனைக் குடித்துவிட்டு அந்த வீட்டுத் தாத்தா முகத்தைச் சுளித்தது தனிக் கதை.

படி 6: மலைச் சாலை

காத்கோதாம் ஸ்டேஷன் வாசலிலேயே ஷேர் டாக்ஸி நிற்கும். அல்மோராவுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. பவாலியைத் தாண்டியதும் வளைவுக்கு மேல் வளைவு. எங்கள் பெண் ஸ்டேஷனில் ஆலூ பராட்டாவை வெளுத்துக் கட்டிவிட்டு ஏறினாள். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றைப் பாதி காலியாக வைத்து, முன் சீட் கேட்டு வாங்கி, போனைப் பையில் போட்டுவிடுங்கள். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். கோசி ஆற்றை ஒட்டிச் சாலை போகிற இடத்தில் ஒரு டீ குடித்தால் தெளிந்துவிடும்.

படி 7: அந்த வீட்டில் எப்படி இருப்பது

போனதும் பெரியவர்களுக்கு "பைலாக்" சொல்லுங்கள். காலில் விழுகிறேன் என்று பொருள். பாட்டியை "ஆமா" என்றும், தாத்தாவை "பூபூ" என்றும், நம்மைவிட மூத்த ஆணை "தாஜ்யூ" என்றும் கூப்பிடுவார்கள். இதில் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. மாமாவோடு போனில் பேசும்போது நான் ஒவ்வொரு தடவை "ஆமா, ஆமா" என்றதும் அடுத்த அறையிலிருந்து பாட்டி என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார்.

அடுப்படிக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். சில வீடுகளில் சமைக்கும் இடத்தில் மடி பார்ப்பார்கள். அனுமதி கிடைத்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், நமக்குத் தெரியாத தானியம் அங்கே குறைவுதான். மடுவா என்பது நம் கேழ்வரகு, மாதிரா குதிரைவாலி, கஹத் கொள்ளு. கொள்ளை வேகவைத்து மசித்து ரொட்டிக்குள் வைத்துச் சுடுகிறார்கள். இன்றைக்கு டெல்லியிலும் செய்கிறோம். நமக்குப் புதிது, பட் என்கிற கறுப்பு சோயா. அதை வறுத்துச் செய்யும் சுட்கானி என்ற குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் வத்தக்குழம்புக்காரர்கள் கூட மறுசோறு கேட்பார்கள். பாங், அதாவது கஞ்சாச் செடியின் விதைச் சட்னியைக் கண்டு பதற வேண்டாம், விதையில் போதை இல்லை. எள்ளுச் சட்னிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும்.

வாசற்படியைப் பாருங்கள். செம்மண் காவி பூசி, அரைத்த அரிசி மாவால் மேலே வெள்ளைக் கோடு. அய்பண் என்று பெயர், 2021ல் புவிசார் குறியீடு கிடைத்த கலை. நாம் மாக்கோலம் போட்டு ஓரத்தில் காவி இடுகிறோம். அவர்கள் முழுவதும் காவி பூசி அதன் மேல் போடுகிறார்கள். அம்மா ஒரு கிண்ணம் மாவு கேட்டு வாங்கி எட்டுப் புள்ளிக் கோலம் ஒன்று போட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாளும் அந்த வீட்டில் எங்களை விருந்தாளியாக யாரும் நடத்தவில்லை. பட்டாணி உரிக்கக் கொடுத்தார்கள்.

கல்லில் கட்டிய சின்ன ஊற்றுக்கிணறுகள் இருக்கும், நௌலா என்பார்கள். சாமி இருக்கிற இடமாக மதிப்பார்கள், செருப்போடு இறங்கக் கூடாது. ஊற்றுகள் பல வற்றிக்கொண்டிருக்கின்றன, வாளித் தண்ணீரில் குளித்துப் பழகுங்கள். புல்லுக்கட்டோடு ஏறி வரும் பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். ஊரில் எங்காவது ஜாகர் நடந்தால், அது ஹுட்கா அடித்துத் தெய்வத்தை இறக்கும் சடங்கு. நம் ஊரில் உடுக்கையடித்துச் சாமியாடும்போது வெளியூர்க்காரன் போனைத் தூக்கினால் நமக்கு எப்படியிருக்கும்? கூப்பிட்டால் போய் ஓரமாக உட்காருங்கள், போதும். இருட்டிய பிறகு தனியாக வெளியே போக வேண்டாம், சிறுத்தை உண்டு.

ஒரே கிராமம் என்றேன், ஆனால் ஒரு பகல் வெளியே போகலாம். பின்சர் காட்டில் ஜீரோ பாயின்ட் வரை நடந்தால், வானம் தெளிவாக இருக்கும் காலையில் திரிசூல், 7,816 மீட்டர் நந்தா தேவி எல்லாம் வரிசையாகத் தெரியும். நடக்க முடியாதவர்களோடு போனால், தேவதாருக் காட்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கற்கோயில்கள் இருக்கும் ஜாகேஷ்வர். வழியில் அல்மோராவிலிருந்து 8 கிலோமீட்டரில் சித்தயி கோலு தேவதா கோயில். மரம், கூரை, கம்பி என்று எங்கு பார்த்தாலும் மணிகள், நடுவே முத்திரைத்தாளில் கூட எழுதித் தொங்கவிட்ட மனுக்கள். நிலத்தகராறு, வேலை, பிரிந்து போன மகன். அவர் நீதி வழங்கும் தெய்வம். தீர்ந்தால் மணி கட்டுவார்கள். அம்மா பிறந்தது விருத்தாசலத்துப் பக்கம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நம்ம கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டற மாதிரியே" என்றாள். அப்புறம் என் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள். என்ன எழுதினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

படி 8: கிளம்பும்போது

பணத்தைக் கடைசி நாள் காலையிலேயே வீட்டு அம்மாவின் கையில் கொடுங்கள், சமைத்தது அவர்தான். சிக்னல் இருந்தால் யுபிஐயும் வாங்குவார்கள், இல்லாதபோதுதான் ரொக்கம் கைகொடுக்கும். ராஜ்மா, பட், கொள்ளு எல்லாம் அவர்கள் வயலில் விளைந்ததையே வாங்கலாம். சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில், டயப்பர் இவற்றை ஒரு பையில் கட்டி மலையடிவாரத்து ஹல்த்வானி வரை கொண்டுவந்து போடுங்கள், மலையில் குப்பை வண்டி வராது.

திரும்பும் ரயிலுக்கு நான்கு மணி நேரமாவது கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். அல்மோரா கடைத்தெருவில் நிறுத்தி, மாலு இலையில் மடித்த சிங்கோடி என்ற இனிப்பும் பால் மிட்டாயும் வாங்குங்கள். பால் மிட்டாய் என்பது கருகக் காய்ச்சிய கோவா, மேலே வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் டப்பாவை ரயிலில் பிரிக்காதீர்கள். நாங்கள் மொராதாபாத் வருவதற்குள் பிரித்துவிட்டோம்.