பேட்ச் போடச் சொல்லி மெயில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததா?

2017 மார்ச் 9-ஆம் தேதி அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்துக்குள் ஒரு மெயில் சுற்றுக்கு விடப்பட்டது. மக்களின் கடன் வரலாற்றைச் சேர்த்து வைத்திருக்கும் நிறுவனம் அது, நம் ஊர் சிபில் மாதிரி. இணையதளங்களைக் கட்டப் பயன்படும் 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற மென்பொருளில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறவர்கள் 48 மணி நேரத்துக்குள் பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், போட வேண்டும் என்பதுதான் செய்தி. 400 பேருக்கு மேல் அந்த மெயில் போனது. வாடிக்கையாளர்கள் ஆட்சேபம் தெரிவிக்கும் இணையதளம் அதே ஸ்ட்ரட்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கவனித்துவந்த டெவலப்பர் மட்டும் அந்த 400 பேரில் இல்லை. அவருடைய மேலாளருக்கு மெயில் வந்தது. அவர் அதைக் கீழே அனுப்பவில்லை. மே 13 அன்று அந்த ஓட்டை வழியாக நுழைந்தவர்கள் 76 நாள் உள்ளேயே இருந்தார்கள். சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் பறிபோயின.

பேட்ச் இல்லாமல் நடந்த விபத்து இல்லை இது. ஓட்டை வெளியே தெரிந்த அன்றே பேட்ச் இருந்தது. 'இந்த சர்வர் யாருடையது?' என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை, அவ்வளவுதான். இத்தனை வருடங்களில் நான் பார்த்த பெரும்பாலான சிக்கல்களுக்கும் இதுதான் வேர்.

அதனால் முதல் தவறு, சொத்துப் பட்டியல், அதாவது நம்மிடம் உள்ள கணினிகள், மென்பொருள்களின் பட்டியல், இல்லாமலே ஓட்டைகளைத் தேடக் கிளம்புவது. ஈக்விஃபாக்ஸிடம் முழுமையான பட்டியல் இருக்கவில்லை என்று பின்னால் நடந்த நாடாளுமன்ற விசாரணைகள் சொல்லின. நான் ஒருமுறை ஓர் அலுவலகத்தில் ஓட்டைகளைத் தேடும் ஸ்கேன் ஓட்டியபோது யாரும் உரிமை கோராத ஒரு ஐபி முகவரி வந்தது. நெட்வொர்க் ஆட்கள் 'எங்களுடையது இல்லை' என்றார்கள். அப்ளிகேஷன் ஆட்களும் அதையே சொன்னார்கள். சுவிட்சில் எந்தப் போர்ட் என்று பார்த்து, கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், கணக்குப் பிரிவில் ஒரு மேசைக்கு அடியில் தூசி படிந்த ஒரு பழைய கணினி. அதன் மேல் 'அணைக்காதீர்கள்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. மாதக் கடைசியில் வங்கிக்குப் போகும் சம்பளக் கோப்பு அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாததால் அத்தனை வருடமும் ஒரு பேட்ச்கூட அதற்குப் போகவில்லை.

பட்டியல் என்றால் பெரிய மென்பொருள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். எக்செலில் தொடங்கலாம். ஆனால் ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: என்ன மென்பொருள் ஓடுகிறது, இணையத்திலிருந்து நேரே எட்டுமா, பொறுப்பு யார். பொறுப்பு என்ற இடத்தில் 'ஐடி டீம்' என்று எழுதினால் காலியாக விட்டதற்குச் சமம். ஓர் ஆளின் பெயரும், அவர் விடுப்பில் இருந்தால் பார்க்கப்போகும் இன்னொருவர் பெயரும் வேண்டும். கிளவுடில் சோதனைக்காக எழுப்பி மறந்துபோன சர்வர்கள், வெளி ஆட்கள் செய்துகொடுத்த பழைய இணையதளங்கள் எல்லாமே இதில் வர வேண்டும். ஆள் வேலையை விட்டுப் போகும் நாளில் அவர் பெயரில் உள்ள வரிகளை இன்னொருவர் பெயருக்கு மாற்றினால்தான் அந்தப் பட்டியலுக்கு உயிர்.

அடுத்தது, 'ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை' என்பதை 'ஓட்டை இல்லை' என்று படிப்பது. ஈக்விஃபாக்ஸ் மார்ச் 15 அன்று ஸ்ட்ரட்ஸைத் தேடி ஸ்கேன் ஓட்டவே செய்தது. அந்த ஸ்கேன் இணையதளத்தின் முதல் அடுக்கை மட்டும் பார்த்தது. ஸ்ட்ரட்ஸ் இருந்தது உள் கோப்புறையில். சுத்தம் என்று அறிக்கை வந்தது, எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். ஆகவே ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, எவற்றை எல்லாம் அது பார்க்கவில்லை என்பதைத்தான். பட்டியலில் 500 சர்வர் இருந்து அறிக்கையில் 430 இருந்தால், விடுபட்ட 70-ஐத் தேடுங்கள். முடிந்த இடத்தில் எல்லாம் உள்ளே லாகின் செய்து பார்க்கும் ஸ்கேனாக ஓட்டுங்கள். வெளியே நின்று கதவைத் தட்டிப் பார்க்கும் ஸ்கேனுக்கு வீட்டுக்குள் இருப்பது பாதிதான் தெரியும்.

சரி, ஸ்கேன் ஒழுங்காக ஓடியது, பல்லாயிரம் ஓட்டைகள் வந்துவிட்டன. இங்கேதான் அடுத்த தவறு: சிவிஎஸ்எஸ் என்ற, பத்துக்குத் தரும் மதிப்பெண்ணைப் பார்த்து 10-லிருந்து கீழ்நோக்கி வரிசையாக அடைக்கத் தொடங்குவது. அந்த மதிப்பெண் ஓட்டை எவ்வளவு மோசமானது என்று சொல்லும். உங்கள் அலுவலகத்தில் அது எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இணையத்தோடு தொடர்பே இல்லாத ஆய்வக இயந்திரத்தில் இருக்கும் 9.8-ஐவிட, வெளியிலிருந்து ஊழியர்கள் அலுவலக நெட்வொர்க்குக்குள் வரப் பயன்படும், வெளியே திறந்திருக்கும் விபிஎன் கருவியில் உள்ள 7.5 அவசரமானதாக இருக்கலாம். 2024-இல் மட்டும் சுமார் 40,000 புதிய ஓட்டைகளுக்கு சிவிஇ எண் (ஓட்டைகளுக்கான பொது அடையாள எண்) தரப்பட்டது. அவற்றில் தாக்குதலுக்கு உண்மையிலேயே பயன்படுவது சிறு பகுதி. அந்தச் சிறு பகுதி எது என்று காட்டும் பட்டியல் ஒன்றை அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரிலிருந்து வெளியிட்டுவருகிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அடுத்த 30 நாளில் ஓர் ஓட்டை தாக்கப்பட எவ்வளவு வாய்ப்பு என்று கணித்துச் சொல்லும் இபிஎஸ்எஸ் மதிப்பும் உண்டு. என் வரிசை இதுதான்: சிசா பட்டியலில் இருப்பது, இணையத்துக்குத் திறந்திருப்பது இரண்டும் சேர்ந்தால் அன்றைக்கே. மற்றவை அப்புறம்.

பேட்ச் போட்டதும் டிக்கெட்டை, அதாவது அந்த வேலைக்கான பதிவை, மூடிவிடுவதும் ஆபத்தான பழக்கம். 2021 டிசம்பரில், பல ஜாவா மென்பொருள்கள் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற நூலகத்தில் ஓட்டை வந்தபோது முதலில் வெளியான 2.15.0 பதிப்பு முழுத் தீர்வாக இல்லை, 2.16, 2.17 என்று அடுத்தடுத்து வந்தன. முதல் நாளே மூடிய டிக்கெட்டுகளை எல்லாம் மறுபடி திறக்க வேண்டியிருந்தது. அந்த நூலகம் வேறு மென்பொருள்களின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்ததால், வாங்கிய மென்பொருளுக்குள் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று விற்றவர்களிடம் அலைந்து அலைந்து கேட்டோம். 2023 அக்டோபரில், வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வர வாயிலாக இருக்கும் சிட்ரிக்ஸ் நெட்ஸ்கேலர் கருவியில் வந்த ஓட்டை இன்னும் கொடியது. பேட்ச் போடுவதற்கு முன்பே செஷன் டோக்கனை (லாகின் செய்தவருக்குத் தரப்படும் நுழைவுச் சீட்டு போன்றது) திருடியிருந்தவர்கள், பேட்ச் போட்ட பிறகும் அதே டோக்கனோடு உள்ளே வர முடிந்தது. ஓடிக்கொண்டிருந்த செஷன்கள் எல்லாவற்றையும் வெட்டினால்தான் வேலை முடியும். ஆகவே மறுபடி ஸ்கேன் செய்து பார்க்காமல் டிக்கெட்டை மூடாதீர்கள். ஓட்டை திறந்திருந்த நாட்களில் யாராவது வந்துபோனார்களா என்று லாகையும், அதாவது சர்வரின் பதிவேட்டையும், புரட்டுங்கள்.

விதிவிலக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'இந்த இயந்திரத்தைத் தொட முடியாது' என்பது சில இடங்களில் நியாயமான பதில்தான். மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் பழைய விண்டோஸ் கணினிகள் உண்டு. ஆனால் முடிவுத் தேதி போடாத விதிவிலக்கை ஒப்புக்கொள்ளாதீர்கள். பேட்ச் போட முடியாத இயந்திரத்தை மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வையுங்கள். 2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற தீநிரல் பரவியபோது மைக்ரோசாஃப்ட்டின் பேட்ச் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளைக்கூடத் தள்ளிவைக்க நேர்ந்தது.

கடைசியாக, கண்காணிக்கும் கருவியைப் பட்டியலிலிருந்து விட்டுவிடுவது. ஈக்விஃபாக்ஸில் அந்தத் தளத்தின் தரவுப் போக்குவரத்தின் மறையாக்கத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு கருவி இருந்தது. அதற்குத் தேவையான டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதம் ஆகியிருந்ததால், மறையாக்கம் செய்யப்பட்ட தரவு அதன் கண் முன்னாலேயே வெளியே போய்க்கொண்டிருந்தும் அதற்கு எதுவும் தெரியவில்லை. 2017 ஜூலை 29 அன்று புதிய சான்றிதழை ஏற்றியதுமே சந்தேகமான போக்குவரத்து திரையில் வந்துவிட்டது. மறுநாள் தளத்தை மூடினார்கள். ஒரு சான்றிதழைப் புதுப்பிக்க ஆகும் நேரம் சில நிமிடங்கள். உங்கள் எக்செலில் இன்றைக்கே ஒரு தாளைச் சேர்த்து, சான்றிதழ்கள் ஒவ்வொன்றின் முடிவுத் தேதியையும், அதற்கு ஒரு மாதம் முன்னால் நினைவூட்டல் போக வேண்டிய இரண்டு பேரின் பெயரையும் எழுதிவிடுங்கள்.